பெட்ரோல் எஸ்டேட் கார் உண்மையில் எத்தனை கொடுக்கும்? பிரிட்டனுக்குப் புதிதாக வந்த குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

"எஸ்டேட் கார் வாங்கியிருக்கிறேன் மாமா" என்று ரெடிங்கிலிருந்து போனில் சொன்னதும் ஊரிலிருந்து வந்த முதல் கேள்வி, "எத்தனை குடுக்குது?" என்பதுதான். என்னிடம் பதில் இல்லை. விளம்பரத்தில் ஒரு எண் இருந்தது. காரின் திரையில் வேறொரு எண். விற்றவர் சொன்னது மூன்றாவது எண். மூன்றும் மைலில். மாமா கேட்டது கிலோமீட்டரில்.

அந்தக் கேள்விக்குச் சரியான பதிலைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் ஆனது. ஒவ்வொரு முறை பெட்ரோல் போட்டதையும் ஒரு சின்ன நோட்டில் எழுதி வந்தேன். இப்போது புதிதாக வரும் நண்பர்கள், பிள்ளைகளின் தள்ளுவண்டி, ஊரிலிருந்து ஆறு மாதம் தங்க வரும் அப்பா அம்மா, அவர்களின் நான்கு பெட்டிகள் என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து எஸ்டேட்தான் சரி என்று வாங்குகிறார்கள். கூரை பின்பக்கம் வரை நீண்டு, டிக்கி அறை மாதிரி விரிந்திருக்கும் இந்த வகைக் கார் நம் ஊரில் அபூர்வம். இங்கே தெருவுக்குத் தெரு நிற்கிறது. அவர்கள் என்னிடம் கேட்பதும் மாமாவின் கேள்விதான்.

என் கார் ஸ்கோடா ஆக்டேவியா எஸ்டேட், 1.5 லிட்டர் டர்போ பெட்ரோல், 150 குதிரைத்திறன். இதே அளவில் வேறு எந்தப் பெட்ரோல் எஸ்டேட் வைத்திருந்தாலும் கீழே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும். நான் கண்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரே கார், ஒரே வாரத்தில், இந்த ஊர் மைல் கணக்கில், ஒரு பயணத்தில் 25-ம் இன்னொரு பயணத்தில் 50-ம் கொடுக்கிறது. அதனால் காரைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் உங்கள் பயணங்களைப் பற்றிக் கேட்க வேண்டும்.

முதல் படி: கணக்கு எந்த அளவில் என்று புரிந்துகொள்ளுங்கள்

பிரிட்டனில் சாலைப் பலகைகள் மைலில். பங்கில் பெட்ரோல் லிட்டரில். ஆனால் கார் எத்தனை கொடுக்கும் என்பதை மட்டும் ஒரு கேலனுக்கு எத்தனை மைல், அதாவது எம்.பி.ஜி. என்று சொல்கிறார்கள். இந்தக் கேலன் 4.546 லிட்டர். அமெரிக்கக் கேலன் 3.785 லிட்டர்தான். யூடியூபில் அமெரிக்கர் ஒருவர் அதே எஞ்சினுக்கு 37 என்று சொல்வதைக் கேட்டுக் கவலைப்பட வேண்டாம். இங்கத்திய கணக்கில் அது 44-க்கு மேல்.

ஊருக்குச் சொல்ல வேண்டுமானால், எம்.பி.ஜி. எண்ணை 0.354-ஆல் பெருக்குங்கள். 30 என்றால் லிட்டருக்கு 10.6 கிலோமீட்டர். 40 என்றால் 14.2. 50 என்றால் 17.7. ஐரோப்பியர்கள் 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று பார்ப்பார்கள். அதற்கு 282.5-ஐ எம்.பி.ஜி.யால் வகுத்தால் போதும்.

இந்த ஐரோப்பிய முறைதான் பணத்தைச் சரியாகக் காட்டுகிறது என்பது என் அபிப்பிராயம். ஏன் என்று ஒரு கணக்கில் பாருங்கள். வருடம் 10,000 மைல் ஓட்டுகிறீர்கள். 50 கொடுக்கும் கார் 55 கொடுத்தால் வருடத்துக்கு சுமார் 83 லிட்டர் மிச்சம். 30 கொடுக்கும் கார் 35 கொடுத்தால் சுமார் 216 லிட்டர் மிச்சம். இரண்டிலும் ஏறியது 5 மைல்தான். ஆகவே நல்ல பயணத்தை இன்னும் நல்லதாக்கப் பாடுபடுவதைவிட, மோசமான பயணத்தைக் கொஞ்சம் சரிசெய்வதில்தான் காசு இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

இரண்டாம் படி: விளம்பர எண் எங்கிருந்து வருகிறது?

அது டபிள்யூ.எல்.டி.பி. என்ற சோதனையில் வந்த எண். 2017 செப்டம்பரிலிருந்து புதிய மாடல்களுக்கும், 2018 செப்டம்பரிலிருந்து புதிதாகப் பதிவாகும் எல்லாக் கார்களுக்கும் ஐரோப்பாவில் இதுதான் முறை. அதற்கு முன் இருந்த என்.இ.டி.சி. சோதனை இன்னும் தாராளமானது. பழைய கார் வாங்கும்போது இதைக் கவனியுங்கள். 2016-ஆம் வருட காரின் 55-ஐயும் 2020-ஆம் வருட காரின் 50-ஐயும் பக்கத்தில் வைத்து, பழையதுதான் மேல் என்று முடிவு கட்டக் கூடாது. இரண்டும் வேறு வேறு தராசில் நிறுத்தவை.

புதிய சோதனையில் காரை உருளைகளின் மேல் நிறுத்தி 30 நிமிடம், 23 கிலோமீட்டர் தூரத்துக்கு ஓட்டுகிறார்கள். சராசரி வேகம் மணிக்கு 46.5 கிலோமீட்டர். உச்ச வேகம் 131. எதிர்க்காற்று, மழை, கூரைப் பெட்டி, ஏ.சி. எதுவும் கணக்கில் இல்லை. எல்லாக் கார்களையும் ஒரே மாதிரி ஒப்பிடுவதற்கு இது நல்ல முறை. உங்கள் ஜனவரி மாதத்தைச் சொல்ல அது உருவாக்கப்படவில்லை.

எவ்வளவு வித்தியாசம் வரும்? 2021 முதல் ஐரோப்பாவில் பதிவாகும் புதிய கார்கள், தாங்கள் உண்மையில் எரித்த எரிபொருளைத் தாங்களே பதிவு செய்துகொள்ள வேண்டும். அந்தத் தகவலைத் திரட்டி ஐரோப்பிய ஆணையம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையில், பெட்ரோல் கார்கள் சோதனை எண்ணைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதலாகக் குடிப்பது தெரிந்தது. ஆகவே 50 என்று எழுதியிருக்கும் எஸ்டேட்டிலிருந்து வருடச் சராசரியாக 40, 42 வந்தால் உங்கள் காரில் கோளாறு இல்லை. வாங்கும்போதே வரவு செலவை அந்த எண்ணை வைத்துப் போடுங்கள்.

மூன்றாம் படி: நீங்களே அளந்து பாருங்கள்

இந்தப் படியைத் தவறவிட்டால் மற்றதெல்லாம் ஊகம்தான். செய்ய வேண்டியது இவ்வளவே.

பெட்ரோல் நிரப்புங்கள். பெட்ரோல் போடும் குழாய்முனை தானாகவே 'டக்' என்று நின்றதும் விட்டுவிடுங்கள். காசை முழு எண்ணாக்க மேலும் மேலும் அழுத்த வேண்டாம். டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். அடுத்த முறை, முடிந்தால் அதே பங்கில், அதே மாதிரி முதல் 'டக்' வரை நிரப்புங்கள். ரசீதில் இருக்கும் லிட்டர், டிரிப் மீட்டரில் இருக்கும் மைல், இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். என் நோட்டிலிருந்து ஒரு வரி: 412 மைல், 41.3 லிட்டர். 41.3-ஐ 4.546-ஆல் வகுத்தால் 9.08 கேலன். 412-ஐ 9.08-ஆல் வகுத்தால் 45.4. நம் கணக்கில் லிட்டருக்கு 16 கிலோமீட்டர்.

(பங்கில் பச்சை கைப்பிடி பெட்ரோல், கறுப்பு டீசல். புதிதாக வந்தவர்கள் முதல் சில தடவை நிதானமாகப் பார்த்து எடுங்கள். தவறிப் போட்டுவிட்டால் ஸ்டார்ட் செய்யவே செய்யாதீர்கள்.)

ஒரு தடவை அளந்து முடிவுக்கு வராதீர்கள். டாங்க் ஒவ்வொரு முறையும் ஒரே மட்டத்தில் நிற்பதில்லை. ஒன்றிரண்டு லிட்டர் முன்னே பின்னே போகும். நான்கைந்து டாங்க் சேர்ந்தால் அந்தப் பிழை கரைந்துவிடும். அதேபோல், எம்.பி.ஜி. எண்களைக் கூட்டி வகுத்துச் சராசரி எடுக்காதீர்கள். 300 மைல் 50-லும் 300 மைல் 30-லும் போனால் சராசரி 40 இல்லை. முதலில் 6 கேலன், அடுத்ததில் 10 கேலன். 600-ஐ 16-ஆல் வகுத்தால் 37.5. மொத்த மைலையும் மொத்த லிட்டரையும் வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

காரின் திரையில் வரும் எண்ணை நம்பலாமா? ஒப்பிட்டுப் பார்க்க நம்பலாம். என் காரில் திரை காட்டுவது நோட்டுக் கணக்கைவிட இரண்டு, மூன்று எம்.பி.ஜி. அதிகமாகவே இருக்கிறது. உங்கள் காரில் எவ்வளவு என்று நான்கைந்து டாங்க்கில் தெரிந்துவிடும். அதன்பின் திரை எண்ணிலிருந்து அதைக் கழித்துக்கொண்டு ஒவ்வொரு பயணத்தையும் தனித்தனியாகப் பார்க்கலாம். அதற்குத்தான் திரை மிகவும் உதவும்.

நான்காம் படி: குறும்பயணங்களைத் தேடிப் பிடியுங்கள்

என் நோட்டில் எனக்கே தூக்கிவாரிப் போட்ட பக்கம் ஜனவரிப் பக்கம். மகளைப் பள்ளியில் விட ஒன்றரை மைல். காலை எட்டரை மணி, வெளியே 2 டிகிரி. அந்த ஒரு பயணத்துக்குத் திரை காட்டியது 22. திரும்பி வந்து காரை நிறுத்திவிட்டு, மூன்று மணிக்கு மறுபடியும் குளிர்ந்த எஞ்சினோடு அதே ஒன்றரை மைல். அந்த மாதம் பெரும்பாலும் இப்படித்தான் ஓடியது. டாங்க் கணக்கு 31-க்கு வந்தது. கார் கெட்டுவிட்டதோ என்று பயந்து ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோகக் கூட நினைத்தேன்.

கார் கெடவில்லை. குளிர்ந்த உலோகத்தில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. எஞ்சின் நின்றுவிடாமல் இருக்கக் கணினி கூடுதலாகப் பெட்ரோல் விடுகிறது. புகைக்குழாயில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்ட் சூடானால்தான் வேலை செய்யும். அதைச் சூடாக்கவும் தனியாக எரிக்கிறது. எஞ்சின் ஆயிலும் கியர் ஆயிலும் குளிரில் தேன் மாதிரி கெட்டியாக இருக்கும். எஞ்சின் முழுச் சூட்டுக்கு வரக் குளிர்காலத்தில் பல மைல் ஆகும். தண்ணீர் சூடான பிறகும் ஆயில் சூடாக இன்னும் நேரம் பிடிக்கும். நீங்களோ ஒன்றரை மைலில் நிறுத்திவிடுகிறீர்கள்.

சோதனையிலும் எஞ்சின் குளிர்ந்த நிலையில்தான் தொடங்குகிறது. ஆனால் அங்கே அறையின் வெப்பம் 23 டிகிரி, தொடக்கச் செலவு 23 கிலோமீட்டரில் பரவிவிடுகிறது. உங்களுக்கு அது இரண்டரை கிலோமீட்டரில் முழுசாக இறங்குகிறது. பிரிட்டனில் புதிதாகக் கார் வாங்கிய குடும்பங்கள் "சொன்னது கொடுக்கவில்லை" என்று வருந்துவதற்கு, நான் பார்த்தவரை, முக்கியக் காரணம் இதுதான்.

என்ன செய்யலாம்?

மூன்று வேலைகளை மூன்று தடவையாகச் செய்யாமல் ஒரே சுற்றில் முடியுங்கள். அதிலும் தூரமான இடத்துக்கு முதலில் போங்கள். எஞ்சின் நன்றாகச் சூடேறிவிட்டால், பிறகு அரை மணி நேரம் கடையில் நின்றாலும் அந்தச் சூடு பெரும்பாலும் இருக்கும். அடுத்தடுத்த சின்னப் பயணங்கள் மலிவாக முடியும். நான் இப்போது சனிக்கிழமை தமிழ் வகுப்பில் மகளை விட்டுவிட்டு, அப்படியே மளிகைக் கடை, நூலகம், வரும் வழியில் பெட்ரோல் என்று வைத்துக்கொள்கிறேன்.

காரை நிறுத்தி வைத்துச் சூடாக்காதீர்கள். கண்ணாடியில் பனி படிந்திருந்தால் சுரண்டியால் சுரண்டி, முழுவதும் தெளிவானதும் உடனே கிளம்பி, முதல் சில நிமிடம் மெதுவாக ஓட்டுங்கள். ஓடும்போதுதான் எஞ்சின் வேகமாகச் சூடாகும். பொதுச் சாலையில் தேவையில்லாமல் எஞ்சினை ஓடவிட்டு நிற்பது இங்கே சட்டப்படியும் தவறு. இந்த ஊர்ச் சாலை விதிப் புத்தகமான ஹைவே கோடின் 123-ஆவது விதி அதைச் சொல்கிறது. கண்ணாடி தெளியாமல் ஓட்டுவதும் தவறுதான், அதனால் சுரண்டும் நேரத்தைச் சேர்த்தே கிளம்புங்கள்.

சிக்னலில் தானாக எஞ்சின் அணையும் வசதி குளிரில் வேலை செய்யாவிட்டால் அது பழுது இல்லை. எஞ்சின் சூடாகும் வரை, பாட்டரியில் போதிய மின்சாரம் சேரும் வரை, கார் அதை அனுமதிக்காது.

அப்புறம், ஒன்றரை மைல் பள்ளிக்கு நடந்து போகலாம். மழை இல்லாத நாள்களில் நாங்கள் இப்போது நடக்கிறோம். அந்த மாற்றம் ஒன்றே அடுத்த குளிர்கால டாங்க்கை 31-லிருந்து 36-க்குக் கொண்டுவந்தது. முன்னே சொன்ன கணக்கு இங்கேதான் பலிக்கிறது: அடிமட்டத்தில் ஏறும் 5, மேல்மட்டத்தில் ஏறும் 5-ஐவிட இரண்டு மடங்குக்கும் மேல் பெரிது.

குளிர்காலத்தில் நெடுஞ்சாலையிலும் கொஞ்சம் குறையும். 0 டிகிரியில் இருக்கும் காற்று 20 டிகிரிக் காற்றைவிடச் சுமார் 7 சதவீதம் அடர்த்தி அதிகம். கார் அதைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். ஈரச் சாலை, விளக்குகள், பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாம் சேரும். அதனால் டிசம்பரை ஜூனோடு ஒப்பிடாதீர்கள். போன டிசம்பரோடு ஒப்பிடுங்கள். நோட்டு ஒரு வருடமாவது வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

ஐந்தாம் படி: மோட்டார்வேயில் ஒரு வேகத்தைத் தேர்ந்தெடுங்கள்

வருடத்தில் இரண்டு, மூன்று முறை குடும்பமாக வேல்ஸில் இருக்கும் ஸ்கந்தவேல் ஆசிரமத்துக்குப் போகிறோம். இலங்கையிலிருந்து வந்த குரு சுப்ரமணியம் 1973-இல் கார்மார்தன்ஷயரில் தொடங்கிய கோயில் அது. பிரிட்டனில் இருக்கும் தமிழர்களில் பலர் அங்கே ஒரு தடவையாவது போயிருப்பார்கள். ரெடிங்கிலிருந்து எம்4 சாலையைப் பிடித்தால் ஸ்விண்டன், செவர்ன் பாலம், கார்டிஃப், ஸ்வான்சி என்று ஒரே சாலை. ஒரு வழி சுமார் 180 மைல். காரைப் பற்றி நான் கற்றதில் பாதி இந்தச் சாலையில்தான்.

வேகம் கூடக் கூடக் காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. மணிக்கு 65 மைலிலிருந்து 70-க்குப் போனால் எதிர்ப்பு 16 சதவீதம் கூடும். 60-லிருந்து 70-க்கு 36 சதவீதம். டயர் உருள்வதற்கும் எஞ்சின் தன்னைத்தானே சுழற்றிக்கொள்வதற்கும் ஆகும் செலவு அப்படி ஏறாது என்பதால் பெட்ரோல் அந்த அளவுக்கு ஏறுவதில்லை. ஆனாலும் நன்றாகவே தெரியும்.

என் கார் ஜி.பி.எஸ். காட்டும் 70-இல் சுமார் 46 கொடுக்கிறது. 65-இல் 51. (முள் காட்டும் வேகத்தை வைத்துச் சொல்லவில்லை. வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது, கூட்டிக் காட்டலாம் என்பது விதி. என் காரில் முள் 70 காட்டும்போது உண்மையில் 67.) 140 மைல் மோட்டார்வேக்கு 70-இல் 2 மணி நேரம், 65-இல் 2 மணி 9 நிமிடம். மிச்சம் கிட்டத்தட்ட 1.4 லிட்டர். விடிகாலை நாலரைக்குக் கிளம்பிப் பிள்ளைகள் பின்னால் தூங்கிக்கொண்டிருக்கும்போது அந்த 9 நிமிடம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பும் அவசரத்தில் சில நேரம் 70-இல் வருவேன். இரண்டும் சரி, எதற்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுத்தால் போதும்.

வேல்ஸுக்குள் நுழைந்ததும் நியூபோர்ட் அருகிலும் போர்ட் டால்பட் அருகிலும் காற்று மாசைக் குறைப்பதற்காக 50 மைல் வரம்பு வைத்திருக்கிறார்கள். முதல் தடவை சலித்துக்கொண்டேன். பிறகு திரையைப் பார்த்தேன். அந்தச் சில மைல்களில் எண் சரசரவென்று 60-ஐத் தாண்டியது. வேகத்துக்கும் பெட்ரோலுக்கும் உள்ள உறவைக் கண்ணால் பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை. கேமராக்கள் இருக்கின்றன, வரம்பை மதித்தே ஓட்டுங்கள். 2023 செப்டம்பரிலிருந்து வேல்ஸில் வீடுகள் நெருங்கிய தெருக்களில் பொதுவாக 20 மைல்தான் வரம்பு. கார்மார்தனைத் தாண்டியதும் அதையும் நினைவில் வையுங்கள்.

காற்றையும் கவனியுங்கள். பிரிட்டனில் பெரும்பாலும் தென்மேற்கிலிருந்துதான் காற்று வீசும். மேற்கே போகும்போது எதிர்க்காற்று, திரும்பும்போது முதுகுக் காற்று. 20 மைல் வேக எதிர்க்காற்றில் 70-இல் போனால் காரின் மூக்குக்கு அது 90 மைல். எதிர்ப்பு 65 சதவீதம் கூடுதல். அதனால் போகும் வழியை மட்டும் அளந்து மனம் தளர வேண்டாம். போக வரச் சேர்த்து அளந்தால்தான் உண்மை தெரியும்.

லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போனால் காற்று குறையும் என்று சொல்பவர்கள் உண்டு. காற்று குறையும் என்பது உண்மைதான். ஆனால் அதற்கு எவ்வளவு நெருங்க வேண்டுமோ அந்த நெருக்கத்தில் பிரேக் பிடிக்க நேரமிருக்காது. காய்ந்த சாலையில் குறைந்தது இரண்டு விநாடி இடைவெளி, மழையில் அதைப்போல் இரண்டு மடங்கு. குடும்பத்தை வைத்துக்கொண்டு இதில் பரிசோதனை வேண்டாம்.

ஆறாம் படி: டயர் காற்று

ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணிலோ, பெட்ரோல் மூடியின் உட்புறத்திலோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் இரண்டு வரிசை. ஒன்று இரண்டு, மூன்று பேர் போகும்போது. மற்றொன்று ஐந்து பேரும் மூட்டை முடிச்சும் ஏற்றும்போது. எஸ்டேட்டில் பின்டயருக்கு இரண்டாவது வரிசையில் நிறையவே கூடும். அப்பா அம்மாவை ஹீத்ரோவில் பெட்டிகளோடு ஏற்றிக்கொண்டு வரும் நாளுக்கு முன்தினமே அந்தக் காற்றை அடைத்துக்கொள்ளுங்கள். இதில் பெட்ரோலைவிடப் பெரியது பாதுகாப்பு.

காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். வெளியே 5, 6 டிகிரி குறைந்தால் டயரில் காற்றழுத்தம் சுமார் 1 பி.எஸ்.ஐ. குறையும். ஆகஸ்டில் சரியாக இருந்த டயர் டிசம்பரில் யாரும் தொடாமலே 3, 4 குறைந்திருக்கும். மாதம் ஒருமுறை பாருங்கள்.

எச்சரிக்கை விளக்கு இருக்கிறதே என்று சும்மா இருந்துவிடாதீர்கள். என்னுடையது மாதிரி பல கார்களில் டயருக்குள் அளவி எதுவும் இல்லை. ஒரு சக்கரம் மற்றதைவிட வேகமாகச் சுற்றுகிறதா என்பதை வைத்துத்தான் கார் ஊகிக்கிறது. எது சரி என்று அதற்குச் சொல்லித்தருவது நாம் அழுத்தும் செட் பட்டன். ஒரு கராஜில் டயர் மாற்றியபோது நான்கிலும் ஸ்டிக்கருக்கு 6 பி.எஸ்.ஐ. குறைவாக அடைத்து, அந்த நிலையிலேயே செட் செய்து கொடுத்துவிட்டார்கள். விளக்கு ஒருபோதும் எரியவில்லை. இரண்டு டாங்க் கணக்கில் எண் சரிந்ததை நோட்டுதான் காட்டிக்கொடுத்தது. யார் டயரைத் தொட்டாலும் மறுநாள் காலை நீங்களே ஒருமுறை அளந்து, சரிசெய்து, பிறகு செட் செய்யுங்கள்.

டயர் மாற்றும்போது அதன் லேபிளில் எரிபொருளுக்கு ஏ முதல் ஈ வரை ஓர் எழுத்து இருக்கும். பக்கத்திலேயே ஈரச் சாலையில் பிரேக் பிடிப்பதற்கும் ஓர் எழுத்து. இந்த ஊர் மழைக்கு நான் இரண்டாவதில் ஏ இருப்பதை முதலில் பார்ப்பேன், பெட்ரோலில் பி வந்தாலும் பரவாயில்லை.

ஏழாம் படி: சுமையை உள்ளே வையுங்கள், கூரையைக் காலி செய்யுங்கள்

எஸ்டேட் வாங்கியதன் பலனே இதுதான். ஆக்டேவியா எஸ்டேட்டின் புதிய மாடலில், பின்சீட்டை மடக்காமலே 640 லிட்டர் இடம் இருக்கிறது. தள்ளுவண்டி, 20 கிலோ அரிசி மூட்டை, கோயிலுக்குக் கொண்டுபோகும் பெரிய அண்டா எல்லாம் கூரைக்குக் கீழேயே அடங்கும். அதற்குமேல் ஒரு பெட்டி வைத்தால் காற்று அதில் மோதும். விடுமுறைக்கு இரவல் வாங்கிய கூரைப் பெட்டியோடு அதே 65 மைல் வேகத்தில் எனக்கு 51-க்குப் பதில் 44 வந்தது. பெட்டியைக் கழற்றிய பிறகு வெறும் கம்பிகளை விட்டுவைத்தாலும் இழப்பு உண்டு. தேவை முடிந்த அன்றே கம்பிகளையும் கழற்றிவிடுங்கள்.

உள்ளே இருக்கும் எடையைப் பற்றி இவ்வளவு கவலை வேண்டாம். நின்று நின்று போகும் ஊருக்குள் எடை உறைக்கும். நெடுஞ்சாலையில் சீராகப் போகும்போது அவ்வளவாக இல்லை. ஜாக்கியையும் முதலுதவிப் பெட்டியையும் எடுத்து வீட்டில் வைக்கும் அளவுக்குப் போக வேண்டாம்.

ஏ.சி. பற்றிச் சுருக்கமாக: ஊருக்குள் மெதுவாகப் போகும்போது ஜன்னலைத் திறந்துகொள்ளலாம். மோட்டார்வேயில் ஜன்னலை மூடி ஏ.சி. போடுவதே நல்லது. குளிர்காலச் சூடு எஞ்சின் வீணாக்கும் சூட்டிலிருந்து வருவதால் அநேகமாக இலவசம்.

எட்டாம் படி: கால் பழக்கம்

நவீன பெட்ரோல் எஞ்சினில், கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து முழுவதும் காலை எடுத்தால் பெட்ரோல் அறவே நின்றுவிடும். சக்கரங்கள்தான் எஞ்சினைச் சுற்றும். தூரத்தில் சிவப்பு விளக்கோ ரவுண்டபவுட்டோ தெரிந்ததும் காலை எடுத்துவிட்டால் அந்தத் தூரம் இலவசம். கடைசி நிமிடம் வரை ஓட்டிப் பிரேக் அடித்தால், காசு கொடுத்து வாங்கிய வேகத்தைப் பிரேக் தட்டில் சூடாக்கி விடுகிறீர்கள். இறக்கத்தில் நியூட்ரலில் விடும் பழக்கம் ஊரில் பலருக்கு உண்டு. அதை இங்கே விட்டுவிடுங்கள். நியூட்ரலில் எஞ்சின் தன்னை ஓட வைத்துக்கொள்ளப் பெட்ரோல் குடிக்கும், எஞ்சின் பிரேக்கும் கிடைக்காது. சில ஆட்டோமேட்டிக் கார்கள் தாமாகவே எஞ்சினைப் பிரித்து மிதக்கவிடும். அதைக் காரின் முடிவுக்கே விட்டுவிடலாம்.

என் எஞ்சினில், மெதுவான சுமையில் நான்கு சிலிண்டர்களில் நடுவில் உள்ள இரண்டு அணைந்துவிடும். காலை மென்மையாக வைத்திருந்தால் சமவெளியில் அடிக்கடி இது நடக்கும். ஆனால் அதற்காக மேட்டில் உயர்ந்த கியரில் திணறடிக்காதீர்கள். கார் முனகினால் ஒரு கியர் கீழே இறக்குங்கள்.

ஒன்பதாம் படி: எந்தப் பெட்ரோல்?

2021 செப்டம்பரிலிருந்து இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் பங்குகளில் சாதாரணப் பெட்ரோல் என்றால் ஈ10. அதாவது 10 சதவீதம் வரை எத்தனால். எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு என்பதால் முன்பிருந்த ஈ5-ஐவிடச் சுமார் 1 சதவீதம் கூடுதலாகச் செலவாகும். விலை கூடிய சூப்பரில் ஈ5 இன்னும் கிடைக்கிறது. 1 சதவீதத்தை மீட்க லிட்டருக்குப் பல பென்ஸ் கூடுதலாகக் கொடுப்பது கணக்குக்கு ஒத்துவராது. பெட்ரோல் மூடியின் உட்புறம் 95 என்றும் ஈ10 என்றும் இருந்தால் அதையே போடுங்கள். மோட்டார்வே சர்வீஸில் நிரப்புவதைத் தவிருங்கள், அங்கே விலை எப்போதும் கூடுதல். கிளம்புவதற்கு முந்தின நாள் சூப்பர்மார்க்கெட் பங்கில் நிரப்பிக்கொண்டால் அங்கே மிச்சமாவது, வழியெல்லாம் பார்த்துப் பார்த்து ஓட்டியதைவிட அதிகமாகவே இருக்கும்.

எப்போது மெக்கானிக்கைப் பார்க்க வேண்டும்?

பருவமும் பயணமும் மாறாமல் இருக்க, இரண்டு மூன்று டாங்க்காக எண் 10 சதவீதத்துக்கு மேல் சரிந்தால். அதற்கு முன் வீட்டிலேயே மூன்று விஷயங்களைப் பாருங்கள். முதலில் டயர். அடுத்து, பத்து மைல் ஓட்டியும் வெப்பமானி முள் நடுவுக்கு வராமல் இருந்தால் எஞ்சின் தண்ணீரின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டிக்கொண்டிருக்கலாம். எஞ்சின் எப்போதும் குளிரில் இருப்பதாகவே நினைத்துக் குடிக்கும். மூன்றாவது, பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி நிறுத்திவிட்டு ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையை வைத்துப் பாருங்கள், தொடாமல். ஒன்றிலிருந்து மட்டும் அனல் அடித்தால் அங்கே பிரேக் பிடித்தபடியே இருக்கிறது, உடனே காட்டுங்கள். சர்வீஸில் என்ன ஆயில் ஊற்றினார்கள் என்று ரசீதில் பாருங்கள். என் காருக்கு மெல்லிய 0டபிள்யூ-20. கையேட்டில் உங்கள் காருக்கு என்ன போட்டிருக்கிறதோ அதுவேதான் வேண்டும்.

மாமாவுக்கு இப்போது என்னால் பதில் சொல்ல முடிகிறது. பள்ளிக்கும் கடைக்கும் மட்டும் ஓடினால் குளிர்காலத்தில் லிட்டருக்கு 11, கோடையில் 13. கலந்து ஓடினால் 15. கோயிலுக்குப் போய் வந்தால் 18. "பரவாயில்லையே, அவ்வளவு பெரிய வண்டிக்கு" என்றார்.